சென்னைக் காற்று விதிகளும் வடசென்னை மக்களின் வாக்குமூலமும்

சென்னை மாநகரின் காற்றைக் காக்கும் பொருட்டு இன்று நடைமுறையில் உள்ள விதிகள், 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தையும், 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த தேசியத் தர அளவுகளையும், அவற்றின் பின் அவ்வப்போது பிறந்த ஆணைகளையும் ஆதாரமாகக் கொண்டவை. அவற்றைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதும், எண்ணூர், மணலி, திருவொற்றியூர், கொடுங்கையூர் முதலிய பிரதேசங்களில் வாழும் ஜனங்களின் வாக்குமூலத்தைக் கேட்டுப் பதிவு செய்த பிறகே புதிய விதிகளின் வாசகம் எழுதப்பட வேண்டும் என்பதும் எங்கள் சங்கத்தின் தீர்மானமான நிலைப்பாடு.

2023 டிசம்பர் 26-ஆம் தேதி, நள்ளிரவை நெருங்கும் வேளையில், எண்ணூரில் ஓர் ஆலைக்குக் கடலுக்கடியே சென்ற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய மீனவக் கிராமங்களின் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓட நேர்ந்தது. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். ஆலை வாயிலின் அருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. அதற்கு விதிக்கப்பட்ட அளவு 400. ஆனால் அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கு உரிய அளவு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கார்பன் மோனாக்சைடுக்கும் ஓசோனுக்கும் ஒரு மணி நேர வரம்பு வகுத்த அதே தேசிய அட்டவணை, அம்மோனியாவுக்கும் கந்தக டையாக்சைடுக்கும் ஒரு நாள் சராசரியையும் ஓர் ஆண்டுச் சராசரியையும் மட்டுமே வகுத்திருக்கிறது. ஆகவே, ஒரு மணி நேரத்தில் ஊரையே காலி செய்ய வைத்த வாயுவானது, மறுநாள் முழுவதும் வீசிய நல்ல காற்றோடு சேர்த்துக் கணக்கிடப்படுமாயின், ஏட்டில் வரம்புக்குள் அடங்கிப்போகவும் கூடும். அன்றிரவு ஓடியவர்களுக்கு இதைவிடப் பெரிய அநீதி வேறு இருக்க முடியாது என்றே நாங்கள் கருதுகிறோம்.

தேசிய அளவுகளைத் திருத்துவது மத்திய வாரியத்தின் பொறுப்பாயிற்றே, மாநிலம் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கக்கூடும். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் மூன்றாவது விதி இதற்கு வழி காட்டுகிறது. குறிப்பிட்ட ஓர் ஆலையோ தொழிலோ வெளிவிடும் மாசுக்கு, அந்த மாசை ஏற்கும் இடத்தின் நிலையை உத்தேசித்து, அட்டவணையில் உள்ளதைக் காட்டிலும் கடுமையான அளவை மாநில வாரியமே விதிக்கலாம். அதற்கான காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை. அந்தக் காரணங்கள் எங்கிருந்து கிடைக்கும்? மணலியிலும் ஆலந்தூரிலும் வேளச்சேரியிலும் அரும்பாக்கத்திலும் நிறுவப்பட்ட கண்காணிப்பு நிலையங்கள் தரும் எண்கள் இன்றியமையாதவைதாம். ஆயினும், எந்தக் காற்றடித்தால் எந்தப் புகைபோக்கியின் நெடி எந்தத் தெருவுக்கு வருகிறது, எந்த நேரத்தில் முதியவர்களுக்கு இருமல் அதிகமாகிறது, செப்பாக்கத்துச் சாம்பல் குட்டையிலிருந்து கோடையில் எழும் தூசி எத்தனை வீடுகளின் தண்ணீர்க் குடங்களில் படிகிறது என்பவற்றையெல்லாம் அங்கே குடியிருப்பவர்களே அறிவார்கள். சட்டம் கேட்கும் காரணங்களுக்கு அவர்களுடைய அனுபவத்தைவிட நேரான சாட்சியம் இல்லை.

கருத்துக் கேட்பது என்ற பெயரில் இதுவரை நடந்துவரும் சம்பிரதாயம் எங்களுக்குத் திருப்தி அளிப்பதாக இல்லை. தொழில் திட்டங்களுக்கான பொது விசாரணையில் மூல அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலும், அதன் சுருக்கம் மட்டுமே தமிழிலும் கிடைக்கின்றன; எந்த அத்தியாயத்தில் தம் ஊர் விவாதிக்கப்படுகிறதோ அதைப் படிக்க முடியாமலே ஜனங்கள் அபிப்பிராயம் சொல்ல நேர்கிறது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்ததை இங்கே நினைவூட்டுகிறோம். தமிழ்நாட்டின் தலைநகரத்துக்கு வகுக்கப்படும் விதிகளுக்காக அப்படி ஒருவர் நீதிமன்றப் படியேற வேண்டிய நிலை வரலாகாது. வரைவு முழுவதும், அட்டவணைகளும் வரைபடங்களும் உட்பட, முதலில் தமிழில் வெளிவர வேண்டும்.

விதிகள் கடுமையானால் தொழில் நசியும், கூலி வேலை போகும் என்ற அச்சத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. ஆலைகளில் உழைப்பவர்களும் அதே குப்பங்களில் குடியிருப்பவர்களே. ஆனால் கண்டிப்பு இதுகாறும் யார்மேல் இறங்கியிருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும். போகியன்று டயர் கொளுத்துபவனைத் தேடி ரோந்து வருகிறது, அது நியாயமே. அனல் மின் நிலையங்களுக்கோ, கந்தகப் புகையைக் கட்டுப்படுத்த 2015 டிசம்பரில் பிறந்த ஆணை இரண்டு ஆண்டுக் கெடு விதித்தது. அந்தக் கெடு பன்முறை தள்ளிவைக்கப்பட்டு, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பான்மை நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. எளியவனுக்கு உடனடி அபராதமும் வலியவனுக்கு நீண்ட அவகாசமும் என்ற இந்த ஏற்றத்தாழ்வைப் புதிய விதிகள் தொடரக் கூடாது. ஆலைக்கு அவகாசம் தேவை என்றால், அதற்கான காரணமும் முடியும் தேதியும் அந்த ஆலையைச் சுற்றி வாழ்வோர் முன்னிலையில் சொல்லப்பட்டு, அவர்களுடைய மறுமொழியும் அதே ஏட்டில் பதியப்பட வேண்டும்.

மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் பகுதி சபா கூட்டங்களுக்குச் சட்டம் வகை செய்திருப்பதால், மக்களின் கருத்தைக் கேட்பதற்கெனப் புதிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டுக் கொள்கை ஒரு சட்ட வரைவைக் குறைந்தது 30 நாட்களாவது மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. எழுத்து வாசனை இல்லாதவர்களுக்குப் படித்துக் காட்டவும் வேண்டியிருப்பதால் 60 நாட்கள் கொடுக்குமாறு கோருகிறோம். வந்த ஒவ்வோர் அபிப்பிராயத்துக்கும், ஏற்கப்பட்டதா இல்லையா, இல்லையெனில் ஏன் என்ற பதில் விதிகளோடு கூடவே பிரசுரிக்கப்பட வேண்டும். அந்தப் பதில் இல்லாமல் வெளியாகும் எந்த விதியையும் மக்களைக் கேட்டு வகுத்த விதி என்று எங்கள் சங்கம் ஒப்புக்கொள்ளாது. முதல் கூட்டம் எண்ணூரில் நடக்கட்டும். காலை வேளையில் ஆண்கள் கடலிலிருந்து திரும்பி வலையோடும், பெண்கள் மீன் கூடையோடு சந்தையிலும் இருப்பார்கள் ஆதலால், மாலை 5 மணிக்குமேல் நடக்கட்டும்.