கேமராவுக்கு முன் உட்காரும் முன்...

பேட்டி எடுக்க என்ன வேண்டும்? நல்ல கேமரா, காலர் மைக், கொஞ்சம் துணிச்சல்... இவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கல்லூரி ஆண்டு விழா சிறப்பு விருந்தினரிடம் "உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" என்று கேட்பதற்கு அது போதும்தான்!

ஆனால் திருச்செங்கோட்டுக்காரர்கள் மறக்க முடியாத பேட்டி ஒன்று உண்டு. 2015 ஜூன் 23 அன்று அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குத் தோழியுடன் வந்தார் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார். சாதிக்காக நடந்த கொலை. முக்கியக் குற்றவாளி யுவராஜ் நூறு நாட்களுக்கு மேல் தலைமறைவு. வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பியது போதாதென்று, சரணடையும் முன் புதிய தலைமுறை தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார்.

போலீசுக்குக் கிடைக்காத ஆள் சேனலுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தார்? நியாயமான கோபம்தான். ஆனால் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டிவியில் அவர் பேசிய பேச்சே அவருக்கு எதிரான சாட்சியங்களில் ஒன்றானது.

ஒளிந்திருப்பவர் பேட்டிக்கு ஒப்புக்கொள்வது மேடை தேடித்தான். அவர் தயாராகத்தான் வருவார். எதிரில் இருப்பவர் தயாராக இல்லாவிட்டால் அது பேட்டி இல்லை, விளம்பரம்! "கொலை செய்தீர்களா?" என்றால் "இல்லை" என்பார். அத்தோடு முடிந்தது. அன்று எத்தனை மணிக்கு எங்கே இருந்தீர்கள், யாருடன், எந்த வண்டியில் என்று கேட்டால்தான் பிடி கிடைக்கும். அதற்குத் தேதி, நேரம், இடம் எல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். வவுச்சர் பார்க்காமல் தணிக்கைக்குப் போகிற ஆடிட்டர் என்ன கேட்க முடியும்? கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வர வேண்டியதுதான்.

தயாரிப்பு இருந்தும் சறுக்குவது உண்டு. 2007இல் கரண் தாப்பர் எடுத்த நரேந்திர மோடி பேட்டி சில நிமிடங்களிலேயே முடிந்துபோனது. எடுத்த எடுப்பில் 2002 கலவரத்தைப் பற்றிக் கேட்டார், மோடி தண்ணீர் கேட்டார், பேட்டியை நிறுத்திவிட்டார். கடினமான கேள்வி சரிதான். அதை எப்போது கேட்பது என்பதும் தயாரிப்பில் சேர்த்திதானே?

இன்னொன்றை யாரும் சொல்லித் தருவதில்லை. வெட்டி ஒட்டாத முழுப் பதிவைப் பத்திரமாக வைக்க வேண்டும். மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் செல்ல, சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி சான்றிதழ் தேவைப்பட்டது; 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அது தேவை. போன் மெமரி நிறைந்துவிட்டது என்று அழித்துவிடும் உள்ளூர் யூடியூப் சேனல்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யாரிடம் என்ன கேட்கக் கூடாது என்பதும் உண்டு. மகனைப் பறிகொடுத்த சித்ராவிடம் போய் "உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்று மைக்கை நீட்டுவது கேள்வியே இல்லை. நாமக்கல்லில் நடந்த வழக்கை ஏன் மதுரைக்கு மாற்றக் கேட்டீர்கள் என்று கேட்கலாம். அதைக் கேட்க, முதலில் அப்படி ஒரு மனு போட்டதே தெரிந்திருக்க வேண்டும்.