புனாவின் பெயரறியா வைத்தியர்

மூக்கின் ரண சிகிச்சையைப் பற்றி நம்மவர்கள் பேசப் புகுந்தால் சுசுருதரில் தொடங்குவதும், அவரோடேயே முடித்துக்கொண்டு, உலகத்துக்கே இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம் என்று மார்தட்டிக்கொள்வதும் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டன. அந்தப் பெருமிதத்தில் பொய்யில்லை. ஆயினும், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சுசுருத சம்ஹிதை சொல்லும் முறை வியக்கத்தக்கதுதான். மூக்கிழந்தவனின் குறைக்கு ஏற்ற அளவில் ஓர் இலையை நறுக்கி, அந்த அளவைக் கொண்டே கன்னத்துத் தோலை அடி விடாமல் சீவி எடுத்து, முன்பே கீறிப் புண்ணாக்கி வைத்த மூக்கின் அடியில் பொருத்தி, சுவாசம் தடைபடாதிருக்க இரு குழல்களைச் செருகி, அதிமதுரம் முதலிய பொடிகளைத் தூவிப் பஞ்சால் மூடி எள்ளெண்ணெய் சொரிய வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. அடி விடாமல் என்ற அந்த நிபந்தனையில்தான் சாஸ்திரத்தின் உயிர் இருக்கிறது. ஏனெனில் பழைய இடத்தோடு ஒட்டியிருக்கும் தோலுக்கே ரத்தம் ஓடும், ரத்தம் ஓடும் தோலே புதிய இடத்தில் பிழைக்கும்.

ஆனால் ஐரோப்பா இதைக் கற்றது சம்ஹிதையைப் படித்தன்று. 1794-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து ‘ஜென்டில்மன்ஸ் மேகஸீன்’ என்னும் லண்டன் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய காவாஸ்ஜி என்னும் மராட்டியர் ஒருவர், 1792-ஆம் ஆண்டு யுத்தத்தில் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்து, ஏறக்குறைய ஓராண்டு அந்தக் கோலத்தோடே நடமாடிய பிறகு, புனாவுக்கு அருகே இருந்த ஒருவரிடம் புது மூக்கு வைத்துக்கொண்டார் என்பதே அதன் சாரம். மூக்கை அறுப்பது அக்காலத்தில் யுத்த தர்மத்துக்குள் அடங்காத அவமானச் செயலாக இருந்தும், அரசர் பலரும் கைவிடாத தண்டனையாகவே இருந்து வந்தது. திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில் மைசூர்ப் படை மதுரைச் சீமையில் புகுந்து மூக்கறுத்ததையும், மதுரைப் படை மைசூர்ச் சீமைக்குள் நுழைந்து அதையே திருப்பிச் செய்ததையும் நம் சரித்திரமும் மறைக்கவில்லை.

புனா வைத்தியர் முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டால் மூக்கின் உருவம் செய்து, அதை நெற்றியில் விரித்து வைத்துக் கோடு கீறி, அந்த அளவுக்குத் தோலை உரித்தெடுத்து, இரு கண்களுக்கும் நடுவே ஒரு பட்டையை மட்டும் அறுக்காமல் விட்டு, மீதியைத் திருப்பிக் கீழே இறக்கிப் பொருத்தினார். தையல் ஒன்றும் இல்லை. வெற்றிலைக்குச் சேர்க்கும் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிப் பட்டைகளில் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். நான்கு நாள் சென்றபின் நெய்யில் தோய்த்த துணிகள். இருபத்தைந்தாம் நாள் வாக்கில், புதிய மூக்கு தன் அடியிலிருந்தே ரத்தம் பெறத் தொடங்கிய பிறகு, கண்ணிடைப் பட்டையை வெட்டிச் சீர்செய்தார். மயக்க மருந்து பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னால் இவையெல்லாம் நடந்தன. பம்பாய் மாகாணத்து ஆங்கில வைத்தியர் இருவர் கண்ணாரக் கண்டார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் காவாஸ்ஜியின் முகத்தைச் சித்திரமாகவும் தீட்டினார்.

நோயாளியின் பெயரைச் சொல்லும் அக்கடிதம், கத்தி பிடித்தவரைச் செங்கல் அறுக்கும் குலத்தவர் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆங்கிலேயரின் அலட்சியம் இது என்று நாம் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் நம் பண்டிதர்கள்தாம் அவர் பெயரை எந்த ஏட்டில் எழுதி வைத்தார்கள்? சம்ஹிதை சொல்வது கன்னத்துத் தோல். புனாவில் எடுத்ததோ நெற்றித் தோல். புருவ மத்தியில் ஏறும் ரத்தக் குழாய்களால் உறுதியாகப் பிழைக்கும் தோல் நெற்றியில்தான் உண்டு என்பதை, அவற்றின் பெயரையும் அறியாமல், அனுபவத்தால் கண்டுகொண்ட ஒரு மூளை எங்கோ, எந்தத் தலைமுறையிலோ, இருந்திருக்க வேண்டும். நூலைக் காப்பாற்றியவர்கள் வித்துவான்கள். வித்தையைக் காப்பாற்றி வளர்த்தவர்கள் மண்ணைக் குழைத்தவர்கள். ரத்தத்தைத் தொடுவது இழிவென்று ஒதுங்கிய சமூகம், தொட்டவர்களையும் ஒதுக்கி வைத்தது. நம் ஊர்களிலும் ரண வைத்தியம் நாவிதர் கையிலும், பிரசவம் அவர் மனைவி கையிலும் இருந்ததையும், மருத்துவர் என்ற பட்டம் அவர்களுக்கே வழங்கியதையும் எத்தனை பேர் இன்று நினைத்துப் பார்க்கிறோம்?

லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்பவர் அந்தக் கடிதத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு, பிணங்களில் நெடுங்காலம் பழகி, 1814-இல் ஒரு படை அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்து, 1816-இல் நூலும் வெளியிட்டார். இந்தியரிடமிருந்து பெற்றது என்பதை அவர் ஒளிக்கவில்லை. 1818-இல் பெர்லின் நகரத்து வைத்தியர் கிரேஃபே மூக்கமைக்கும் முறையைப் பற்றி எழுதியதும் அதைத் தொடர்ந்துதான்.

நோயற்ற மூக்கைச் சிறிதாக்கும் கலை இதற்கெல்லாம் வெகுநாள் பின்னால் வந்தது. 1898-இல் பெர்லின் நகரில் ஜாக் ஜோசப், தன் பெரிய மூக்குக்கு வெட்கி மனித சமூகத்தையே தவிர்த்த ஒருவருக்கு அதைக் குறைத்துக் கொடுத்தார். அழகுக்காக மூக்கைத் திருத்திக்கொள்பவர்களை நான் பரிகசிக்க மாட்டேன்; பிறர் பார்வை தரும் வேதனை அவரவர்க்கே தெரியும். ஆனால் கல்யாணச் சந்தையில் விலை ஏறும் என்று ஒரு குறையுமில்லாத பெண்ணின் மூக்கில் குறை கண்டுபிடித்து, அதைத் தீர்க்கவும் தாமே காத்திருக்கும் வியாபாரிகள், தம் விளம்பரத்துக்குச் சுசுருதரைத் துணைக்கழைப்பதுதான் சகிக்கவில்லை. அவருடைய வாரிசுகள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்: புற்றுநோயாலோ வெட்டுக்காயத்தாலோ மூக்கிழந்து வரும் ஏழைக்கு, இன்றும் நெற்றித் தோலையே திருப்பி இறக்கி, மூன்று வாரம் பொறுத்துப் பட்டையை வெட்டும் அரசு மருத்துவமனை வைத்தியர்கள் அவர்கள். அவர்கள் படித்த பாடப்புத்தகங்களில் அது இந்திய முறை என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. அடுத்த பதிப்பில், இதைச் செய்து காட்டியவர் புனாவில் செங்கல் அறுத்த குலத்தவர் ஒருவர் என்று இன்னும் ஒரு வரியைச் சேர்ப்பதற்கு மருத்துவப் பல்கலைக்கழகங்களுக்குச் செலவு ஒன்றும் ஆகிவிடாது.