தண்டவாளம் கழுவுகிறவரின் வேலையை எந்த ரோபோவும் பறிப்பதில்லை

செயற்கை நுண்ணறிவு வந்தால் டிரைவர் வேலை போய்விடுமா அண்ணே என்று எங்கள் ராயப்பன்பட்டியில் ஜீப் ஓட்டும் தம்பிகள் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். டெல்லி மெட்ரோவில் 2020 டிசம்பர் 28 முதல் ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடுகிறது. (கம்பம்மெட்டு வளைவில் எதிரே லாரி வந்தால் அந்த ரயிலின் மூளை என்ன செய்யும் என்பது வேறு கதை.) ஆனாலும் ஓட்டுநருக்காகப் பேச ஒன்றிய அமைச்சரே இருக்கிறார். வேலை பறிபோகும், அதனால் தானியங்கிக் கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டோம் என்று நிதின் கட்கரி 2017இலேயே சொன்னார்.

தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ளியவரின் வேலை எப்போது எந்திரத்துக்குப் போகும் என்று எந்த அமைச்சர் கவலைப்பட்டார்?

ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 2013இல் 702 வேலைகளை எடுத்து, எதை எந்திரம் செய்யும் என்று கணக்குப் போட்டார்கள். அது அமெரிக்கக் கணக்கு. இங்கே அதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அந்த வேலைக்கு எந்தச் சாதி ஆளை எவ்வளவு மலிவாகப் பிடிக்கலாம்?

அதே 2013இல் வந்த கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் தண்டவாளத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் விளக்கத்தில் ஒரு பொந்து வைத்தார்கள். ஒன்றிய அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்புக் கவசமும் கொடுத்துவிட்டால், அதைச் செய்பவர் சட்டப்படி மலம் அள்ளுபவரே அல்ல. ஒரு ஜோடி கையுறைக்குள் ஆளையே மறைத்துவிடும் வித்தை இது! பெட்டிகளில் பயோ-டாய்லெட் வந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. அதற்குள் எத்தனை தலைமுறை குனிந்தே போனது?

தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2018இலேயே பேண்டிகூட் ரோபோவைச் சாக்கடைக் குழிக்குள் இறக்கினார்கள். அதை இயக்கத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கே பயிற்சியும் கொடுத்தார்கள்.

எந்திரம் வந்தால் இருக்கிற கூலியும் போகும் என்று ஒப்பந்ததாரர்கள் மிரட்டுவார்கள். போகவும் செய்யும், நாம் சும்மா இருந்தால். இருக்கை வைத்த எந்திரம் வந்ததும் அதில் வேறு ஆள் ஏறி உட்கார, பழைய ஆள் பின்னால் துடைப்பத்தோடு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனவே எந்திரத்தை மட்டும் கேட்காதீர்கள் தோழர்களே. துடைப்பம் பிடித்தவருக்கே ஆப்பரேட்டர் பதவி, நிரந்தரப் பணி, ரயில் ஓட்டுநருக்கு நிகரான சம்பளம் என்று கேளுங்கள். ஜீப் ஓட்டும் தம்பிகளும் தங்கள் மனுவில் இந்த வரியைச் சேர்க்கட்டும்.