ஈரம் காயாத சுவர்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலம் பேணாதவர்க்கு அறிவுரை கூறவே நாம் இதனைப் பெரிதும் வழங்கி வருகிறோம். ஆனால் சித்திரம் எழுதுவோர்க்கு இது உவமையன்று, தொழிலின் முதற்பாடம். வீட்டு அலங்காரக் கண்காட்சிகளில், நூல்களுக்குப் படம் வரையும் ஓவியர் ஒருவர் சாரத்தின்மீது நின்று பெருஞ்சுவர் ஒன்றில் வண்ணம் தீட்டுவார். கூடி நிற்போர் அனைவரும் அவர் கைத்தூரிகையையே நோக்குவர். சுவரை நோக்குவோர் அரியர். சுவரைப் பற்றிய இரு வரலாறுகளை இத்திங்கள் நம் குடும்பங்களின் முன் வைக்க விழைகிறோம்.

இங்கிலாந்து நாட்டில் எரிக் ரவிலியஸ் என்றோர் ஓவியர் வாழ்ந்தார். மரக்கட்டையில் நுண்ணிய கோடுகளைச் செதுக்கி நூல்களுக்குப் படம் அமைப்பதில் வல்லவர். விஸ்டன் என்னும் கிரிக்கெட் ஆண்டு மலரின் அட்டையில், உயர்ந்த தொப்பியணிந்த கனவான்கள் பந்தாடும் சிறு படம் ஒன்று 1938 முதல் இடம்பெற்று வருகிறது. அது அவர் செதுக்கியதே.

1933ஆம் ஆண்டு, மோர்கம் என்னும் கடற்கரை ஊரில் மிட்லண்ட் என்ற புதிய உணவு விடுதி எழுந்தது. அதன் வட்டவடிவத் தேநீர்க் கூடத்தின் சுவரை அணிசெய்யும் பணி ரவிலியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய துணைவியார் டிர்ஸாவும் ஓவியர். கணவனும் மனைவியும் இணைந்து, கடற்கரையின் பகலையும் இரவையும் அச்சுவரில் தீட்டினர். பகற்காட்சியில் கொடிகள் பறந்தன. இரவுக்காட்சியில் வாணவேடிக்கை ஒளிர்ந்தது. ஆனால் கட்டடமோ புதிது. சுவர்ப்பூச்சு நன்றாக உலரவில்லை. திறப்பு விழாவோ ஜூலையில். தீட்டிய வண்ணம் உதிர உதிரத் திருத்தவேண்டியதாயிற்று. சில ஆண்டுகளுக்குள் அவ்வோவியம் இல்லாமலே போயிற்று. ரவிலியஸ் போர்க்கால ஓவியராகப் பணியாற்றுகையில், 1942இல் ஐஸ்லாந்துக்கு அருகே விமானத்தோடு மறைந்தார். அப்போது அவருக்கு வயது 39. கைப்பிடிக்குள் அடங்கும் மரக்கட்டையில் அவர் செதுக்கியது நிலைத்தது. பெருஞ்சுவரில் எழுதியது நிலைக்கவில்லை.

ஓவியரிடம் திறமைக் குறைவா? இல்லை. உழைப்புக் குறைவா? அதுவும் இல்லை. சுவருக்குள் இருக்கும் நீர் என்றேனும் வெளியேறியே தீரும். மேலே வண்ணப்படலம் மூடியிருந்தால், அதனைத் தள்ளிக்கொண்டேனும் வெளியேறும். அழகிய வண்ணம் என்று அது இரக்கம் காட்டுவதில்லை. ஈரச் சுண்ணாம்பின் மீதே தீட்டும் முறையும் ஒன்று உண்டே என வாசகர் வினவலாம். உண்மைதான். உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை அவ்வாறே தீட்டினார். ஆயின் அம்முறையில் அன்றன்று தீட்டவல்ல அளவுக்கே சாந்து பூசுவர். சாந்து உலரும்போது வண்ணத்தைத் தன்னுள் பிணைத்துக்கொள்ளும். அங்கும் சுவரின் நிலையறிந்தே தூரிகை நடக்கிறது.

இனி மற்றொரு வரலாறு. 1937இல் பாரிஸ் மாநகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதன் மின்சார மண்டபத்துக்கென ராவுல் துஃபி என்னும் ஓவியர் ஒரு சித்திரம் தீட்டினார். இவரும் நூல்களுக்குப் படம் வரைந்தவர். துணிகளுக்கு வடிவங்கள் அமைத்தவர். பத்து மீட்டர் உயரமும் அறுபது மீட்டர் நீளமும் கொண்ட அச்சித்திரத்தில், பண்டைய கிரேக்க அறிஞர் முதல் வோல்ட்டா, ஆம்பியர், எடிசன் ஈறாக நூற்றுக்கு மேற்பட்டோர் காட்சி தருகின்றனர். கண்காட்சியோ சில திங்கள்களுக்கு மட்டுமே, மண்டபமும் தற்காலிகமானதே. எனினும் துஃபி, 250 ஒட்டுப்பலகைகளில் பகுதி பகுதியாகத் தீட்டினார். வண்ணம் விரைந்து உலரும்பொருட்டு, ஜாக் மரோஜே என்ற வேதியியலாளர் அமைத்த கலவையைக் கையாண்டார். மண்டபம் போயிற்று, சித்திரம் நின்றது. 1964 முதல் பாரிஸ் மாநகர நவீனக் கலைக்கூடத்தில் அதனைக் காணலாம்.

நெடுங்காலம் நிற்கும் என்று எழுதியது உதிர்ந்தது. சில திங்களுக்கென எழுதியது நிற்கிறது. காரணம் தளமே.

நாமறிந்த ஒரு குடும்பத்தார் புதுவீடு கட்டி முடித்தனர். திருஇருதய ஆண்டவரின் படத்தை நடுக்கூடத்தில் நிறுவி, குடும்பத்தை ஒப்புக்கொடுக்க நாள் குறித்தனர். பெரிய படம், தேக்குச் சட்டம், அதைச் சுற்றி மின்விளக்குகள். அழைக்க வந்த குடும்பத் தலைவரிடம் பங்குக் குரு ஒன்றே கேட்டார்: "உம் தமையனாரை அழைத்தாயிற்றா?" பாகப்பிரிவினையில் மூண்ட மனத்தாங்கலால் இரு வீட்டாரும் ஐந்தாண்டுகளாகப் பேசுவதில்லை. "அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் சாமி, பத்திரிகை அச்சடித்தாயிற்று" என்றார் அவர். "பத்திரிகையை மறுபடி அச்சடிக்கலாம்" என்றார் குரு.

விழா மூன்று கிழமை தள்ளிப்போயிற்று. தமையனார் வந்தார், முதலில் வாசற்படியிலேயே நின்றார். தம்பி சென்று கையைப் பற்றியபின்தான் உள்ளே வந்தார். வழக்கு அன்றே தீர்ந்துவிடவில்லை. ஆயினும் இருவரும் ஒரே பாயில் முழந்தாளிட்டனர். அன்று கூடத்தில் நின்ற நாம், படத்தை அண்ணாந்து பார்க்கவே மறந்தோம்.

இக்குறை அவ்வொரு குடும்பத்தாருக்கு மட்டும் உரியதன்று; நம்மிடமும் உண்டு. பிள்ளைக்குப் புதுநன்மை என்றால் வெள்ளாடைக்கும் நிழற்படத்துக்கும் திங்கள் கணக்கில் ஓடுகிறோம். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் பொறுப்பை ஞானோபதேச ஆசிரியரிடமே விட்டுவிடுகிறோம். திருமணம் என்றால் மண்டபம் கிடைக்கும் தேதிக்கேற்ப ஓலை வாசிக்கச் சொல்கிறோம். மணமக்கள் ஒருவரையொருவர் அறிந்தனரா என்று வினவ நேரமில்லை. திறப்பு விழா நெருங்குகிறது, வண்ணம் பூசிவிடுகிறோம். பின்னர் ஏதேனும் உதிரும்போது, வண்ணத்தைக் குறைகூறுகிறோம். "பிள்ளை கெட்டுவிட்டான்", "மருமகள் சரியில்லை" என்கிறோம்.

பாறைமீது வீடு கட்டியவனைப் பற்றி ஆண்டவர் உரைத்த உவமையை நாம் அறிவோம். அவ்வுவமையில் மழையும் வெள்ளமும் வெளியிலிருந்து வந்து வீட்டை மோதுகின்றன. நம் சுவர்களைக் கெடுக்கும் நீரோ பலவேளை உள்ளேயே இருக்கிறது. அது காய்வதற்கு இரண்டே வேண்டும்: காற்றும் காலமும். மூடிவைத்த அறையில் சுவர் உலராது. மனத்தாங்கலும் அவ்வாறே, திறந்து பேசினாலன்றி ஆறாது, பேசிய அன்றே ஆறிவிடுவதுமில்லை.

ஆகவே அன்புள்ள குடும்பத்தினரே, இத்திங்கள் ஒரு மாலை, செபமாலை முடிந்தபின் உடனே எழுந்துவிடாமல் சற்றே அமர்ந்திருங்கள். நம் வீட்டில் யாரிடம் யார் பேசுவதில்லை, எந்த வருத்தத்தை எந்த விழாவால் மூடிவைத்திருக்கிறோம் என்று பெரியவர் முதலில் வாய்திறந்து சொல்லட்டும். பிள்ளைகள் கேட்கட்டும். சுவர் காயட்டும், சித்திரத்தைப் பின்னர் எழுதலாம்.