விற்றது 18,000... வந்தது 9,500... மீதி எங்கே?

கேள்வி: 'ஆறு குடும்பங்கள் சேர்ந்து, எங்கள் மஞ்சளை அரைத்து அரை கிலோ பாக்கெட்டாக இணையச் சந்தையில் விற்கிறோம். விற்பனைக் கணக்கு என் பெயரில் இருக்கிறது. போன மாதம் 120 பாக்கெட், தலா 150 ரூபாய் என்று 18,000 ரூபாய்க்கு விற்றது. வங்கிக்கு வந்தது 9,500 ரூபாய்தான். மீதியை நான் வைத்துக்கொண்டதாக மற்றவர்கள் பேசுகிறார்கள். நோட்டில் எப்படி எழுதினால் இந்தப் பேச்சு நிற்கும்? இணைய நிறுவனத்தின் அறிக்கையை இத்துடன் வைத்துள்ளேன்.'

- வாசகி, ஈரோடு மாவட்டம்.

பதில்: கமிஷன் மண்டியில் சரக்கு போட்டால் கமிஷன், இறக்குகூலி எல்லாம் கழித்துச் சீட்டு கொடுப்பார்கள். இணையச் சந்தையிலும் அந்தச் சீட்டு உண்டு. 'செட்டில்மென்ட் ரிப்போர்ட்' என்பது அதன் பெயர். அது கைக்கு வராது. விற்பனையாளர் பக்கத்துக்குள் போய் நாம்தான் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும்.

வங்கிக்கு வந்த தொகையை மட்டும் 'வரவு' என்று எழுதுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். முழு விற்பனையை முதலில் எழுதி, பிடித்தம் ஒவ்வொன்றையும் தனி வரியில் கழிக்க வேண்டும். வாசகி அனுப்பிய அறிக்கைப்படி கணக்கு இப்படி வருகிறது.

மொத்த விற்பனை: 60 ஆர்டர், 120 பாக்கெட் - 18,000 ரூபாய்
திரும்பி வந்தது: 4 ஆர்டர், 8 பாக்கெட் - 1,200 ரூபாய்
நிகர விற்பனை - 16,800 ரூபாய்
கமிஷன் 10 சதவிகிதம் - 1,680 ரூபாய்
அனுப்பும் கட்டணம், ஆர்டருக்கு 45 வீதம் - 2,700 ரூபாய்
நிலைக் கட்டணம், ஆர்டருக்கு 6 வீதம் - 360 ரூபாய்
திரும்ப எடுத்துவந்த கட்டணம், 65 வீதம் - 260 ரூபாய்
இந்தக் கட்டணங்கள் 5,000 ரூபாய்க்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. - 900 ரூபாய்
வர வேண்டியது - 10,900 ரூபாய்

இதில் மாதக் கடைசி ஆர்டர்களுக்கான 1,400 ரூபாய் அடுத்த மாதம்தான் வரவாகும். அதை 'வர வேண்டிய பாக்கி' என்று எழுதுங்கள். ஆக, வங்கிக்கு வந்த 9,500 ரூபாய் சரியான தொகையே. 8,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூட யாரும் எடுக்கவில்லை.

ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் அறிக்கையில் யு.டி.ஆர். எண் இருக்கும். அதே எண் வங்கிக் கணக்கு விவரத்திலும் வரும். இரண்டையும் ஒப்பிட்டு டிக் அடித்துக்கொள்ளுங்கள். எண் பொருந்தாத தொகையை உடனே கேட்க வேண்டும். முறையிடுவதற்குக் காலக்கெடு உண்டு.

கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று.

ஒன்று, சரக்கு இருப்பு. திரும்பியதாகக் காட்டும் 8 பாக்கெட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். வராததற்கு இழப்பீடு கேளுங்கள். உறை பிரிந்து வந்ததை மறுபடி விற்கக் கூடாது. நோட்டில் நஷ்டம் என்று எழுதுங்கள்.

இரண்டு, எடை. ஒரு கிலோ தூளை அட்டைப்பெட்டியில் வைத்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். கட்டணமும் அடுத்த படிக்கு ஏறும். பெட்டி பெரிதாக இருந்தால், அதன் அளவை வைத்தும் எடை போடுவார்கள். பார்சலை எடைத் தராசில் வைத்து ஒரு போட்டோ எடுத்து வைத்தால், கூடுதலாகப் பிடித்தால் கேட்க உதவும்.

மூன்று, வரி. இணைய நிறுவனங்கள் விற்பனைத் தொகையில் 0.1 சதவிகிதம் வருமான வரி பிடிக்கும். தனிநபருக்கு ஆண்டு விற்பனை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் இந்தப் பிடித்தம் இல்லை. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்கு மேலும் 0.5 சதவிகிதம் பிடிப்பார்கள். அவர்கள் அதைத் தங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் திரும்ப வரவு வைத்துக்கொள்ளலாம். கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி.யையும் விதிகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம். பதிவு இல்லாதவர்களுக்கு அந்த 900 ரூபாய் செலவுதான்.

கணக்கு ஒருவர் பெயரில் இருப்பதால், ஆறு குடும்பத்தின் விற்பனையும் அவர் பான் எண்ணில்தான் ஏறும். எனவே, மற்றவர்களின் பங்கை வங்கி மூலமே அனுப்புங்கள். யாருக்கு எத்தனை கிலோ, எவ்வளவு ரூபாய் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள்.

கடைசியாக, 10,900 ரூபாயை விற்ற 112 பாக்கெட்டால் வகுத்துப் பாருங்கள். பாக்கெட்டுக்கு 97 ரூபாய் வருகிறது. மஞ்சள், அரவைக்கூலி, உறைச் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். உள்ளூர்க் கடைக்காரர் 110 ரூபாய் கொடுத்தால், அவருக்கே கொடுப்பது மேல். இணையத்திலேயே விற்பதானால், நான்கு பாக்கெட்டை ஒரே ஆர்டராகப் போட்டு, அதற்கான எடைப்படிக் கட்டணத்தையும் பார்த்து விலை வையுங்கள்.

மாதம் ஒரு நாள் ஆறு குடும்பத்தையும் உட்கார வைத்து, அறிக்கை, வங்கி விவரம், நோட்டு மூன்றையும் வாசித்துக் காட்டுங்கள். அதன்பிறகு பங்கைப் பிரியுங்கள்.