கைபேசியும் விரைவும்

புதிய கைபேசி வாங்கப் புகுவோர் இந்நாளில் முதற்கண் வினவுவது, 'இஃது ஐந்தாம் தலைமுறைக்கு உரியதா? எத்துணை விரைவுடையது?' என்பதேயாம். தியாகராயநகர்க் கடைகளில் விற்போரும் இவ்வொன்றையே முன்வைத்துப் பேசக் கேட்கின்றோம். மாணவருட் பலர் தம் பெற்றோர் தவணை முறையிற் பணங்கட்டித் தரும் கைபேசியையே பெறுகின்றனராதலின், இவ்வினா பொழுதுபோக்கிற்குரியதன்று; ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பைப் பற்றியது. விரைவு வேண்டத்தக்கதே, ஆயினும் முதலில் வைத்து எண்ணத்தக்கதன்று என்பது எமது கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

விரைவென்பது கருவியின் குணம் மட்டுமன்று. அக்கருவி இருக்கும் இடத்தின் குணமுமாம். ஐபோன் 12 என்னும் கைபேசி 2020 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறை ஆற்றலோடு நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அத்தலைமுறைச் சேவையோ 2022 அக்டோபர் 1 ஆம் நாளிலேதான் இந்தியாவில் தொடங்கப்பெற்றது. சென்னை அம்மாதத்திலேயே அதனைப் பெற்றது. அக்கைபேசிக்கு வேண்டிய மென்பொருள் அவ்வாண்டு டிசம்பரில் வந்தது. ஆகவே முதலில் வாங்கினோர் ஈராண்டிற்கு மேலாக, விலை கொடுத்த ஒன்றைத் துய்க்க இயலாதிருந்தனர். 2022 மே மாதத்தில் அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஐந்தாம் தலைமுறை அழைப்பொன்றைச் சோதித்துப் பார்த்தார். அன்று அவ்வளாகத்து மதிலுக்குப் புறத்தே வாழ்ந்தோர்க்கு அச்சேவை இல்லை.

இன்றும் அலைகள் எவ்விடத்தும் ஒரு தன்மையவாய்ப் புகுவதில்லை. 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை மிகுந்த செய்தியைச் சுமக்கும். தடித்த சுவரைக் கடக்கையில் இளைத்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரை எளிதிற் கடக்கும்; சுமக்கும் அளவோ குறைவு. 2022 ஆம் ஆண்டின் ஏலத்தில் இப்பின்னதைப் பெற்றது ஜியோ நிறுவனம் ஒன்றே. ஆதலின் மயிலாப்பூர் மாடவீதியை அடுத்த பழைய வீட்டின் உள்ளறையில் அமர்ந்து படிக்கும் மாணவனுக்கு, பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைக் காட்டிலும், எந்த நிறுவனத்தின் அலை அவ்வறைக்குள் வருகின்றது என்பதே பெரிதாம்.

இனி, நமது தேவையை அளந்து பார்ப்போம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து 40 மெகாபைட் அளவுள்ள நூலொன்றை இறக்குவதாகக் கொள்வோம். நொடிக்கு 10 மெகாபிட் விரைவிருப்பின் 32 நொடி செல்லும். 200 மெகாபிட் இருப்பின் இரண்டு நொடிக்குள் முடியும். மிச்சமாவது அரை நிமிடம். அந்நூலைப் பழுதறக் கற்கவோ ஒரு திங்கள் வேண்டும்.

'பங்குனி அறுபத்துமூவர் விழாவன்று மயிலையிலும், தீபாவளிக்கு முன்னர் இரங்கநாதன் தெருவிலும் நான்காம் தலைமுறை திணறுகின்றதே' என்று சிலர் மறுப்பர். அம்மறுப்பு பொருளுடையதே. ஒரே இடத்திற் கூடிய பலருக்கும் இடங்கொடுத்தலே ஐந்தாம் தலைமுறையின் மெய்யான நன்மை. நான்கைந்து ஆண்டு வைத்திருக்கும் கைபேசியில் அஃது இருத்தல் நன்று. அத்தகைய கைபேசிகள் 2024 ஆம் ஆண்டிலேயே பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த விலையிலும் கிடைத்தன. ஆகவே அதனினும் மேலான விரைவு என்னும் சொல்லுக்காக மேலும் பல்லாயிரம் கொடுத்தலையே யாம் மறுக்கின்றோம். அன்றியும், 2024 ஜூலை முதல் ஜியோ, ஏர்டெல் நிறுவனத்தார் அளவற்ற ஐந்தாம் தலைமுறைச் சேவையை, நாளொன்றுக்கு 2 ஜி.பி.யும் அதற்கு மேலும் தரும் திட்டங்களுக்கே உரியதாக்கினர். விரைவுக்கு விலை ஒருமுறை கொடுத்தால் அமையாது என்பதை இது காட்டும்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது நகரின் பல பகுதிகளில் மின்சாரம் அற்றது. அலைக்கோபுரங்கள் பலவும் ஓய்ந்தன. அந்நாளில் மக்கள் வேண்டியது விரைவன்று. 'நலமாயிருக்கின்றோம்' என்னும் ஒரு சொல்லை உற்றார்க்கு அனுப்புதற்குரிய சிறிதளவு அலையும், மின்கலத்தில் எஞ்சிய உயிருமே.

ஆதலின் மாணவ நண்பர்காள்! கடைக்குச் செல்லுமுன், நும் அறைக்குள் எவ்வலை வருகின்றது என அறிமின். மின்கலம் எத்துணை நேரம் தாங்கும், பாதுகாப்பு மென்பொருளை எத்தனை ஆண்டு தருவர், பழுதுபார்க்குமிடம் அண்மையில் உளதா எனக் கடைக்காரரிடம் கேண்மின். விரைவைப் பற்றி அதன்பின் வினவுதல் சாலும். பெற்றோர் கட்டும் தவணை அவ்வளவு விரைவில் முடிவதில்லை என்பதை நினைவிற் கொள்வோமாக.