நாரி நோவும் மெசின் இருக்கையும்

பெரும்போக உழவு நடக்கும் நாட்களில் வெல்லாவெளி, மண்டூர், பாலையடிவட்டைப் பக்கங்களிலிருந்து வருபவர் சொல்லும் முதல் முறைப்பாடு பெரும்பாலும் இதுதான்: "நாரி நிமித்த ஏலாம இரிக்கி டொக்டர்." தொழில் என்ன என்று கேட்கிறோம். அட்டையில் 'விவசாயம்' என்று எழுதி, ஒரு வாரத்துக்கு வலிநிவாரணி கொடுத்து அனுப்புகிறோம். அவர் எதன்மேல், எப்படி இருந்து உழுதார் என்று கேட்பதே இல்லை.

இருப்பதால் இடைத்தட்டில் அழுத்தம் கூடுகிறது என்ற பாடம் 1960களில் நாச்செம்சன் செய்த அளவீடுகளிலிருந்து வந்தது. 1999இல் வில்கே குழுவினர் மீண்டும் அளந்தபோது, தளர்வாக இருப்பவரின் அழுத்தம் நிற்பவரினதைவிடக் கூடுதலாக இருக்கவில்லை. வெறுமனே இருப்பது நோவுக்குப் பலமான காரணம் என்று பின்வந்த ஆய்வுகளும் காட்டவில்லை. அதிர்வும் கோணலும் சேரும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. வட்டைக்குள் மெசின் ஓட்டுபவரைப் பாருங்கள்: கிழிந்த இருக்கையில் மடித்துப் போட்ட சாக்கு, ஒரு கை சுக்கானில், உடம்பு பின்னால் திரும்பிக் கலப்பையைப் பார்த்தபடி. இருந்த நிலையில் முள்ளந்தண்டு அதிகமாக ஒத்ததிர்வது வினாடிக்கு 4 முதல் 6 அதிர்வில். உழவு இயந்திர இருக்கையின் குலுக்கலும் ஏறத்தாழ அதே வீச்சில்தான் வருகிறது.

இறங்கிய கையோடு விதைநெல் மூட்டையைத் தூக்குவது இன்னும் மோசம். 20 நிமிடம் முழுதாக வளைந்திருந்தவர்களின் முதுகு 2 நிமிடத்தில் பாதியளவே மீண்டது. அரை மணி கழிந்தும் தளர்வு மிச்சமிருந்தது. மக்கில், பிரவுன் இருவரும் 1992இல் காட்டியது இது. ஆகவே இறங்கியதும் வரம்பில் கொஞ்சம் நடந்துவிட்டு மூட்டையில் கைவைக்கச் சொல்லுங்கள். மருந்துச்சீட்டில் இதையும் எழுதிக் கொடுக்கலாம்.

நாட்பட்ட நாரி நோவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டல் விளக்கமளித்தலையும் ஒழுங்கான உடற்பயிற்சியையும் முன்வைக்கிறது. இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை ஆகியவற்றை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம்மிடமோ பெல்ட் இல்லாமல் வீடு திரும்புகிறவர் குறைவு. படுத்தே கிடக்கச் சொல்வதையும் நிறுத்தவேண்டும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்பவருக்கு டைக்லோஃபெனாக்கை நீட்டிக்கொண்டு போவது சிறுநீரகத்தோடு விளையாடுவது. படமெடுக்கவும் அவசரப்பட வேண்டாம். நோவே இல்லாத 20 வயதுக்காரர்களிலும் 37 வீதமானோரின் படத்தில் தட்டுத் தேய்வு தெரிகிறது. அதைக் காட்டி 'எலும்பு தேஞ்சிட்டு' என்று ஒருவரிடம் சொன்னால் அவர் குனியவே பயந்துபோவார்.

காய்ச்சல், எடை குறைவு, இரவில் ஓயாத நோவு இருந்தால் காசநோயையும் புற்றுநோயையும் தேடவேண்டும். சிறுநீர் போகாமல் அடைபட்டிருக்கிறதா, இருக்கும் இடம் மரத்திருக்கிறதா, இரண்டு காலும் சோர்கின்றனவா என்ற கேள்விகளை வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் விடக்கூடாது. ஒன்றுக்கு 'ஓம்' என்றாலும் அவரை விடியும்வரை வைத்திருக்காதீர்கள். அப்போதே அம்புலன்சில் பட்டிருப்புப் பாலம் கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.